நிலத்தடியை வினவிய பேராசிரியர்: கொன்ராட் ஷ்லம்பெர்ஜே

கண்டி மாநகரை மகாவலி கங்கை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்து ஓடுகின்றது. நகரின் நடுவே வாவி, சுற்றிலும் பசுமலைகள். இத்தகைய ஊரில் நீருக்கு முடை உண்டோ என்று யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினர் வியப்பதுண்டு. மாசி, பங்குனி மாதங்களில் அவர்களை மலைச்சரிவிலுள்ள ஒரு கிராமத்துக்கோ தோட்டத்துக்கோ அழைத்துச் சென்றால் ஐயம் தீரும். பீலிகள் நூலாய் மெலிந்து சொட்டும். பெண்கள் குடங்களோடு காத்து நிற்பர். கங்கையோ கண்ணுக்கெட்டிய தூரத்தில், கைக்கெட்டாத பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதனாலேயே 1980களில் பின்லாந்து நாட்டின் உதவியோடு ஹாரிஸ்பத்துவ முதலிய இடங்களில் பாறையைத் துளைத்துக் குழாய்க்கிணறுகள் அமைத்துக் கைப்பம்பிகள் பொருத்தினர்.

பாறையைத் துளைப்போர் அனைவரும் அறிந்த புதிர் ஒன்றுண்டு. ஒரு துளையில் நீர் பொங்கும். கல்லெறி தூரத்தில் துளைத்த மற்றொன்றில் வெறும் தூசியே பறக்கும். நம் மலைநாட்டுப் பாறை மணற்கல்லைப் போல உடலெங்கும் நீரை ஏந்துவதன்று. அது தொன்மையான, உருமாறிய, இறுகிய பளிங்குருப் பாறை. அதன் வெடிப்புகளிலேயே நீர் தங்கும். வெடிப்பு எந்த ஆழத்தில் உள்ளது? துளைப்பொறி பாறையைப் பொடியாக்கி மேலே ஊதித் தள்ளுகின்றது. அப்பொடி எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று திட்டமாய்ச் சொல்ல இயலாது. வரும் வழியில் மேலும் கீழும் கலந்துவிடும். உள்ளீடற்ற துறப்பணத்தால் பாறையைத் தூண்போல் அறுத்தெடுக்கலாம். அது பெருஞ்செலவு, அதிலும் நொறுங்கிய பாறை, அஃதாவது நீர் இருக்கக்கூடிய பாறையே, கைக்கு வராமற் போய்விடும்.

பாறையை மேலே கொண்டுவருவதற்குப் பதிலாக அளக்கும் கருவியை வடத்திற் கட்டிக் கீழே இறக்கினால் என்ன? இன்று இது எளிய எண்ணமாய்த் தோன்றும். எண்ணெய்க்கிணறுகளில் இதனை ஒரு முறையாக நிலைநாட்டியவர், பாரிசு நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஓர் ஆசிரியர். அவரே கொன்ராட் ஷ்லம்பெர்ஜே. கல்லூரி மலர்களில் நம் பெரியோர் வாழ்க்கை வரலாறுகள் பல வெளிவந்துள்ளன; அவற்றினிடையே இந்தப் பிரெஞ்சுக்காரர் எதற்கு என்று பழைய மாணவர் சிலர் கேட்கக்கூடும். நம் விஞ்ஞான கூடத்து மேசைமேல் மாணவர் பரீட்சைக்காகப் பயிலும் அழுத்தமானியை முக்காலியில் ஏற்றிக் காட்டுக்கும் வயலுக்கும் கொண்டு சென்றவர் அவர் என்பதே என் விடை.

கொன்ராட் 1878ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அல்சாசு மாநிலத்துக் கெப்வில்லேர் என்னும் ஊரில் பிறந்தார். அம்மாநிலம் 1871ஆம் ஆண்டு வரை பிரான்சுக்கு உரியதாயிருந்தது. போரில் வென்ற ஜெர்மனி அதனைக் கவர்ந்துகொண்டது. எனவே, பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த அவர் கண் விழித்தது ஜெர்மன் ஆட்சியின் கீழ். தந்தை போல் ஷ்லம்பெர்ஜே நெசவுத்தொழிலால் செழித்த புரொட்டஸ்தாந்துக் குடும்பத்தவர். தொழிலதிபராயினும் விஞ்ஞானத்தில் தீராத காதலுடையவர். தாயார் மார்கரித் டி விட், வரலாற்றாசிரியரும் பிரான்சின் முதலமைச்சருமாயிருந்த கிசோவின் பேர்த்தி. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடிய இயக்கத்துக்கு நாடளாவிய தலைமை தாங்கியவர். மைந்தர் பிரெஞ்சுக்காரராகவே வளர வேண்டுமென்று பெற்றோர் அவர்களை இளமையிலேயே பிரான்சுக்குப் படிக்க அனுப்பினர். மூத்தவர் ழான் எழுத்தாளராய்ப் புகழ் பெற்றார். கொன்ராட் பொலிற்றெக்னிக் கல்லூரியிலும் பின்னர் சுரங்கக் கல்லூரியிலும் பயின்று பொறியியலாளரானார். அவருக்கு ஆறாண்டு இளையவரான மார்செல், 1884ஆம் ஆண்டு பிறந்தவர், இயந்திரக் கைவன்மை மிக்க பொறியியலாளர். இத்தம்பி இன்றேல் அண்ணனின் வரலாறு இல்லை.

1907ஆம் ஆண்டு கொன்ராட் தாம் பயின்ற சுரங்கக் கல்லூரியிலேயே பௌதிகப் பேராசிரியரானார். பாடம் சொல்லும்போது அவர் உள்ளத்தில் ஒரு வினா கிளைத்தது. உலோகத்தாது மின்னை நன்கு கடத்தும். வெறும் பாறை கடத்தாது. அப்படியாயின் நிலத்துள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அது எவ்வாறு பரவுகின்றதென்று மேலிருந்தே அளந்தால், புதைந்துள்ள தாது தன்னைக் காட்டிக்கொடுக்காதோ? 1911ஆம் ஆண்டளவில் தொட்டியில் மணலை நிரப்பி, அதனுள் உலோகத்துண்டைப் புதைத்து, மின்னோட்டம் செலுத்திச் சோதித்தார். அடுத்த ஆண்டு நோர்மண்டியிலிருந்த குடும்பத் தோட்டமான வல்-ரிஷேயில் தரையிலே இரு மின்வாய்களை நட்டு, சம அழுத்தமுள்ள புள்ளிகளைத் தேடித்தேடிக் கோடிட்டு ஒரு படம் வரைந்தார்.

இங்கே அவருடைய இயல்பு வெளிப்படுகின்றது. வெறும் உலோகக் கோலை ஈரமண்ணில் நட்டால், கோலுக்கும் மண்ணுக்குமிடையே தானாகவே ஒரு சிறு அழுத்தம் தோன்றும். அதுவும் அளவீட்டோடு கலந்துவிடின், கிடைப்பது நிலத்தின் செய்தியன்று, கோலின் செய்தி. இதனைத் தவிர்க்கக் கொன்ராட், நுண்டுளையுள்ள மட்பாண்டத்தில் செப்புச் சல்பேற்றுக் கரைசலை ஊற்றி, அதில் செப்புக் கோலை நிறுத்தி, அப்பாண்டத்தையே தரையில் வைத்தார். கருவி தன்னைப்பற்றிப் பேசலாகாது, நிலத்தைப்பற்றியே பேச வேண்டும் என்ற இக்கவலை அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

1913ஆம் ஆண்டு செர்பியாவிலே போர் என்னும் செப்புச் சுரங்க ஊரில், தாது தானாகவே எழுப்பும் மின்னழுத்தத்தைக் கொண்டு புதைந்த தாதுவை அவர் கண்டுகாட்டினார். ஊரின் பெயர்ப் பொருத்தம் நமக்கு விந்தையாய்த் தோன்றும். மறு ஆண்டே உண்மைப் போர் மூண்டது. பேராசிரியர் பீரங்கிப் படை அதிகாரியானார். நான்காண்டுகள் ஆராய்ச்சி நின்றது. போர்க்களத்தில் கண்ட அழிவு அவரைப் போரை வெறுப்பவராக ஆக்கிற்று.

போர் ஓய்ந்தது, அல்சாசு பிரான்சுக்கு மீண்டது. 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தந்தைக்கும் மைந்தர் இருவருக்குமிடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. நிலத்தடியை மின்னால் ஆராயும் பணிக்குத் தந்தை ஐந்து இலட்சம் பிராங்கு வரை அளிப்பார். ஆராய்ச்சியின் விஞ்ஞானப் பயன் முதலிடம் பெறும், பண ஆதாயம் அதற்குப் பின்னரே என்பது அதன் கருத்து. கொன்ராட் விஞ்ஞானி, மார்செல் பொறியியலாளர் என்று பொறுப்புகள் பகுக்கப்பட்டன. பிள்ளையின் கல்விக்குப் பணம் கொடுக்கும் தந்தையரை நாம் அறிவோம். நாற்பது வயதைக் கடந்த மகனின் ஐயப்பாடான எண்ணத்துக்குச் செல்வத்தைத் திறந்துவிட்டு, ஆதாயத்தை நினையாதே என்று எழுத்திலும் வைத்த தந்தையர் மிகச் சிலரே. என் கருத்தில் இக்கதையின் முதல் துணிவு தந்தையினுடையது.

பணம் கரைந்தது. 1920ஆம் ஆண்டு கொன்ராட் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். 1923ஆம் ஆண்டு பேராசிரியர் பதவியையும் துறந்து முழுநேரமாக இதில் இறங்கினார். அவ்வாண்டு ருமேனியாவில் நிலத்தடி உப்பு மேடு ஒன்றை அளந்து படமாக்கினர். ஆயினும் வாடிக்கையாளர் ஒருவர் இருவராகவே வந்தனர். 1926ஆம் ஆண்டு மின்வழி நிலவாய்வுக் கழகம் ஒன்றைச் சகோதரர் தாபித்தனர். அதே ஆண்டில் தந்தை போல் காலமானார். தாயார் இரண்டாண்டு முன்னரே மறைந்திருந்தார். கொடுத்த பணத்துக்கு விளைவு என்னவென்று தந்தை காணவில்லை. விளைவு வர இன்னும் ஓராண்டே இருந்தது.

அவ்விளைவின் வித்து முன்னமே ஊன்றப்பட்டிருந்தது. 1921ஆம் ஆண்டு தென்பிரான்சின் நிலக்கரி வயலொன்றில், துளைத்திருந்த ஆழ்துளையினுள் மார்செல் மின்வாய்களை இறக்கிப் பாறையின் தடைத்திறனை அளந்து பார்த்திருந்தார். தரைமேல் எடுத்த அளவீடுகளை விளங்கிக்கொள்வதற்குத் துணையாகவே அதனைச் செய்தனர். செய்து முடித்து ஒருபுறம் வைத்துவிட்டனர். ஆறாண்டுகள் அது உறங்கிற்று. தலைவாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்துக் கதவு திறந்திருப்பது தெரியவில்லை போலும்.

அல்சாசிலே பெஷெல்புரொன் என்னும் எண்ணெய் வயல் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. அங்கே கிணறு தோண்டுவோருக்கு நம் குழாய்க்கிணற்றுக்காரரின் அதே தொல்லை இருந்தது. துறப்பணம் எந்தப் படையை ஊடறுத்தது என்று அறியப் பாறைத் தூணை அறுத்தெடுக்கும் செலவு அவர்களைத் தின்றது. ஆகவே மின்முறையால் துளைக்குள்ளேயே படைகளை இனங்காண முடியுமா என்ற கேள்வி ஷ்லம்பெர்ஜே சகோதரரிடம் வந்தது. கொன்ராட், தம் மூத்த மகள் ஆனை மணந்த ஆன்றி டோல் என்னும் இளம் பொறியியலாளரிடம் இப்பணியை ஒப்படைத்தார். டோலுக்கு அப்போது இருபத்தைந்து வயது. இவ்வேலைக்கென்று செய்யப்பட்ட கருவி எந்தக் கடையிலும் இல்லை. கடையில் உள்ளவற்றைக் கொண்டே கோக்க வேண்டியிருந்தது.

அக்கருவியைப் பிரித்துப் பார்ப்போம். துளைக்குள் செல்வதற்கு ஒரு நீண்ட கோல் வேண்டும். அது மின்னைக் கடத்தலாகாது, சேற்றுநீரில் ஊறலாகாது. அக்காலத்துப் புதுப்பொருளான பேக்லைற் குழாய்களை, ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் நீளமாக, பித்தளைத் துண்டுகளால் ஒன்றோடொன்று பொருத்தினர். குழாய்ப்புறத்தில் மின்வாய்கள் குறித்த இடைவெளிகளில் அமைந்தன. துளையில் நின்ற சேறு தடித்தது; இலேசான கோல் அதில் மிதந்து நிற்கும். ஆதலின் கோலின் அடியில் ஈயம் நிரப்பிய பாரம் ஒன்று தொங்கவிடப்பட்டது. மேலே செல்வதற்கு மூன்று காவலிட்ட கம்பிகள். அவற்றைச் சுற்ற மரச்சட்டத்தில் அமைந்த ஓர் உருளை. அதனை ஆட்களே கையால் சுழற்ற வேண்டும். இயக்கத்தைக் கடத்தியது ஒரு சங்கிலி. தரையில் மின்கலவடுக்கும் முக்காலிமேல் அழுத்தமானியும் இருந்தன. இவ்வளவே.

தத்துவமும் சுருக்கமானதே. முதல் மின்வாயிலிருந்து தெரிந்த அளவு மின்னோட்டம் பாறைக்குள் புகுந்து பரவி, தரைமேல் நட்ட வேறொரு மின்வாய் வழியாகத் திரும்புகின்றது. கோலிலுள்ள மற்றை இரு மின்வாய்களும் தமக்கிடையேயுள்ள அழுத்த வித்தியாசத்தை மாத்திரம் உணர்கின்றன. அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் வகுத்து, மின்வாய்களின் இடைவெளிக்குரிய ஒரு மாறிலியால் பெருக்கினால், அவ்விடத்துப் பாறையின் தடைத்திறன் கிடைக்கும். ஓட்டம் செல்லும் வழி வேறு, அளவெடுக்கும் வழி வேறு என்று பிரித்ததிலேயே சூட்சுமம் உள்ளது. ஒரே மின்வாயால் இரண்டையும் செய்தால், அந்த மின்வாய் சேற்றைத் தொடும் இடத்திலுள்ள தடையே மேலோங்கிப் பாறையின் குரலை அமுக்கிவிடும். வெட்டவெளியில் மட்பாண்டத்தை வைத்தபோது இருந்த அதே கவலை இங்கே துளைக்குள் இறங்கிற்று.

படத்தில் எளிதாய்த் தோன்றுவது பட்டறையில் எளிதன்று. வடத்தில் தொங்கும் கருவிகளைப் பூட்டும் எவரும் இன்றும் படும் பாடுகள் அன்றே தொடங்கின. கம்பி கோலைச் சேரும் பொருத்தில் மயிரிழை அளவு நீர் புகுந்தாலும் மின் கசியும். கசிந்தால் கருவி நின்றுவிடாது. பொய் சொல்லத் தொடங்கும். நின்றுவிட்ட கருவியை மேலே இழுத்துப் பழுது பார்க்கலாம். பொய் சொல்லும் கருவியை நம்பிப் படமும் வரைந்துவிடுவோம். எனவே, பூட்டிய கருவியைத் துளையில் இடுமுன் நீரில் அமிழ்த்திக் காவலைச் சோதித்தல் இத்தொழிலின் முதற் கட்டளை. பாரம் குறைந்தால் கோல் இறங்காது. கூடினால் கம்பி நீளும். கம்பி நீண்டால் உருளையில் எண்ணிய ஆழமும் உண்மை ஆழமும் வேறுபடும். துளைச்சுவர் இடிந்து கோல் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது வடம் நடுவில் அறுந்தால் கோலோடு வடமும் துளையை அடைத்துவிடும். ஆதலால் பிற்காலத்தார், வடம் கோலைச் சேரும் தலைப்பை வேண்டுமென்றே சற்று வலுக்குறைவாகக் கட்டினர். அறுவதாயின் அவ்விடத்திலேயே அறும். வடம் முழுவதும் மீளும். கோலை வேறு கொக்கியால் மீட்கலாம்.

1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள். பெஷெல்புரொன் வயலில் டீஃபென்பாக் என்னுமிடத்துக் கிணற்றில் டோலும், அவரோடு ரொஜே ஜோஸ்ட், சார்ள் ஷைப்லி என்னும் இருவரும் கோலை இறக்கினர். பின் மேலே இழுத்துக்கொண்டே அளந்தனர். ஒரு மீற்றர் இழுப்பர், நிறுத்துவர், ஓட்டத்தைச் செலுத்துவர், அழுத்தமானியைச் சமப்படுத்தி வாசிப்பர், எழுதுவர், மறுபடி ஒரு மீற்றர். இவ்வாறு மணிக்கு ஐம்பது மீற்றர் அளவே நகர முடிந்தது. 279 மீற்றர் ஆழத்திலிருந்து 140 மீற்றர் நீளமான பகுதிக்கு அளவுகள் கிடைத்தன. வரைபுத்தாளில் புள்ளிகளை இட்டு அவற்றைக் கோட்டால் இணைத்தபோது, மேடும் பள்ளமுமாய் ஒரு வளைகோடு தோன்றிற்று. உலகில் எண்ணெய்க்கிணற்றினுள் எடுக்கப்பட்ட முதல் மின்வரைபு அதுவே.

ஒரு கோட்டால் என்ன பயன்? தனித்து நிற்கும் கோடு பேசாது. அயலிலுள்ள மற்றொரு கிணற்றிலும் அளந்து இரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பொருள் விளங்கிற்று. ஒன்றில் தோன்றிய மேடு மற்றதிலும் தோன்றியது, சற்று மேலே அல்லது கீழே தள்ளி. ஒரே பாறைப்படை இரு கிணறுகளையும் ஊடறுத்துச் செல்கின்றது. அது எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதும் வெளிப்பட்டுவிட்டது. பாறைத் தூணை அறுத்தெடுக்காமலே பாறை வரிசையைப் படிக்கலாமாயிற்று. இதற்குக் கொன்ராட் மின்னால் அறுத்தெடுத்தல் என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டார். நாட்டார் பழகிய சொல்லிலேயே புதியதை அறிமுகப்படுத்தும் ஆசிரியப் புத்தி அது.

வெற்றி கண்டவர் பெரும்பாலும் ஓர் அடி கூடுதலாகவே பேசுவர். எண்ணெய் தேடுவோருக்கு வேண்டியிருந்த சொல் ஒன்றே: இங்கே எண்ணெய் உண்டு. கருவியோ அதைச் சொல்வதன்று. தடைத்திறனை மட்டுமே சொல்கின்றது. எண்ணெய் தோய்ந்த மணற்கல்லின் தடைத்திறன் உயரும். நீரற்ற இறுகிய சுண்ணக்கல்லிலும் உயரும். உவர்நீர் ஏந்திய மணலில் அது தாழும்; களியிலும் தாழும். அளந்தது ஒன்று, அதிலிருந்து ஊகிப்பது மற்றொன்று என்னும் பிரிவைக் கொன்ராட் காத்தார். அக்காலத்தில் பூமிக்கடியில் எண்ணெயைக் காட்டும் மாயப்பெட்டிகளை விற்றுத் திரிந்தவர் பலர். சுரங்க உரிமையாளர் அவர்களால் ஏமாந்து, கருவி என்றாலே ஐயுறும் நிலையில் இருந்தனர். குறைத்துப் பேசியதால் கொன்ராட்டுக்கு வணிகம் மெல்லவே வந்தது, வந்தது நிலைத்தது.

1929ஆம் ஆண்டில் வெனெசுவேலாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இக்கருவி சென்றது. உடனே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் துளைப்பதை நிறுத்தின; அளக்கத் துளை இல்லாதபோது அளப்பவருக்கு வேலை ஏது? அமெரிக்காவில் முதல் முயற்சி தளர்ந்து நின்றது. அந்நெருக்கடியில் குரொஸ்னி, பாகு வயல்களிலிருந்து வந்த சோவியத் வேலையே கழகத்தைத் தாங்கிற்று. கொன்ராட்டுக்கு அந்நாட்டின் சமுதாய முயற்சியில் மனச்சார்பும் இருந்தது. செல்வர் குடியில் பிறந்து பொதுவுடைமையை நம்பியவர் அவர் ஒருவரே அல்லர்; ஆயின் வணிகமும் நம்பிக்கையும் அவருக்கு ஒரே திசையில் அமைந்தது விந்தையே.

இக்காலத்திலேயே மற்றொரு கண்டுபிடிப்பு தற்செயலாய்க் கைப்பட்டது. மின்னோட்டத்தை நிறுத்தியபின்பும் அழுத்தமானியின் முள் அசைந்தது. முதலில் அதனை இடையூறென்றே எண்ணினர். உற்று நோக்கியபோது, மணற்படைக்கு எதிரே ஒரு வகையாகவும் களிப்படைக்கு எதிரே வேறொரு வகையாகவும் அது அசைவது தெரிந்தது. துளையிலுள்ள நீருக்கும் பாறையிலுள்ள நீருக்கும் உப்பளவு வேறுபடுவதால் இயற்கையாக எழும் அழுத்தம் அது. 1931ஆம் ஆண்டு முதல் தடைத்திறனுக்குப் பக்கத்தில் இத்தன்னழுத்தக் கோடும் வரையப்பட்டது. நீர் புகவிடும் படையையும் புகவிடாத படையையும் பிரித்தறிய இரண்டும் சேர்ந்து உதவின. போர் என்னும் ஊரில் கண்ட தன்னழுத்தத்தைப் பதினெட்டாண்டின்பின் வேறு வடிவில் மறுபடி சந்தித்தார் பேராசிரியர். துளை எத்திசையில் எவ்வளவு சாய்ந்து செல்கின்றதென்று அளக்கும் கருவியும் அவர்கள் பட்டறையில் உருவாயிற்று. நேராகத் துளைத்ததாய் நம்பிய கிணறுகள் பல கோணலாய்ச் சென்றிருந்ததை அது அம்பலப்படுத்தியபோது துளைத்தவர்கள் மகிழ்ந்திருக்கமாட்டார்கள்.

1934ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தனிக் கழகம் தாபிக்கப்பட்டது. மந்தமும் நீங்கிவந்தது. அதன் முழுப்பயனைக் கொன்ராட் காணவில்லை. சோவியத் நாட்டுக்குச் சென்று திரும்பும் வழியில், 1936ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், சுவீடன் தலைநகரான ஸ்டொக்ஹோமில் இதய நோயால் உயிர்நீத்தார். வயது ஐம்பத்தேழு. தம்பி மார்செல் பொறுப்பேற்று 1953ஆம் ஆண்டு மறையும்வரை நடத்தினார். இளம் டோல் பின்னாளில் இத்துறையின் தலைசிறந்த கண்டுபிடிப்பாளருள் ஒருவரானார். கொன்ராட்டின் மகள் டொமினிக், கணிதமும் பௌதிகமும் பயின்றவர், கணவரோடு ஹூஸ்டனில் குடியேறி, 1971ஆம் ஆண்டு எச்சமயத்தாரும் அமர்ந்து தியானிப்பதற்குரிய ரொத்கோ ஆலயத்தைத் தாபித்தார். குடும்பப் பெயரைத் தாங்கிய கழகம் 2022ஆம் ஆண்டு எஸ்.எல்.பி. என மூன்றெழுத்தாய்ப் பெயரைச் சுருக்கிக்கொண்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். எண்ணெய் இல்லாத கண்டியில் இக்கருவி என்ன சொல்லும்? மேலே செம்மண்ணும் சிதைந்த பாறையும். அவற்றின் தடைத்திறன் குறைவு. கீழே இறுகிய நைஸ் பாறை. வளைகோடு சட்டென உயரும். உயர்ந்து செல்லும் கோட்டில் ஓரிடத்தில் திடீரெனப் பள்ளம் விழுந்தால், அங்கே நீர் தங்கிய வெடிப்பு இருக்கலாம். இருக்கலாம் என்றே சொல்ல வேண்டும். இலங்கையின் பாறைகளில் காரீயம் உண்டு. நம் பென்சிலில் உள்ள அதே பொருள். அது மின்னை நன்கு கடத்தும். காரீயம் பரவிய பாறையும் அதே பள்ளத்தைக் காட்டும். களி நிரம்பிய வெடிப்பும் காட்டும். அளந்ததையும் ஊகித்ததையும் ஒன்றாக்காத கொன்ராட்டின் எச்சரிக்கை அல்சாசைவிட இங்கே மிகுதியாய் வேண்டப்படும். இன்னொன்று: நீரில்லாத துளையில் மின்வாய் பாறையைத் தொடாது, எனவே நீர்மட்டத்துக்கு மேலே இக்கருவி ஊமை. இரும்புக்குழாய் இறக்கிய பகுதியிலும் அவ்வாறே. மின்னோட்டம் குழாய்வழியே ஓடிவிடும். குழாயை இறக்குமுன் அளக்க வேண்டும் என்பதை மறந்து, பின்னர் வருந்துவோர் எங்கும் உண்டு.

ஐயத்தைத் தீர்க்கப் பிற்காலத்தார் வேறு கருவிகளையும் அதே வடத்தில் கோத்தனர். அவற்றுள் ஒன்று பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது. 1930களின் இறுதியில் தோன்றியது. பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகிய மூன்றுமே அதனைத் தூண்டுவன. தோரியம் என்றவுடன் நம்மவர் ஒருவரை நினையாதிருக்க இயலாது. 1903ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கிய கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு முதல் தலைவராயிருந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. கண்டிக் கலைகளை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டு பெருநூல் வெளியிட்ட அதே அறிஞர். தோரியம் செறிந்த தோரியனைற் என்னும் கனிப்பொருளை உலகுக்கு அறிமுகமாக்கியவர் அவர். கதிர்வீச்சுக் கருவி இரும்புக்குழாயினூடாகவும் நீரில்லாத் துளையிலும் வேலை செய்யும். தடைத்திறன் ஊமையாகும் இடத்தில் அது பேசும்.

நம் மலைகளுக்குள் சலவைக்கல்லும் உண்டு. திகனவைச் சூழ்ந்து வாழ்வோர் அதனை நன்கு அறிவர். சுண்ணக்கல் உருமாறியதே சலவைக்கல்லாதலின், நீர் அதனைக் கரைத்துப் பொந்தாக்க வல்லது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. பழைய தெல்தெனிய நகர் அதன் நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்தது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திகன, ஹாரகம பகுதிகளில் சிறு நிலநடுக்கங்கள் உணரப்பட்டபோது, கீழே என்னதான் இருக்கின்றதென்று வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. சுவரில் கண்ட கீறலைக் காட்டி அண்டை வீட்டார் ஒருவர் என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். துளை ஒன்றை இட்டு அதனுள் கருவியை இறக்கிப் பாராதவரை, கேட்பவரும் சொல்பவரும் ஒரே இருட்டிலேயே இருக்கின்றோம் என்றேன். துளை இடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவர் அடுத்ததாகக் கேட்டார். பெஷெல்புரொன் எண்ணெய்க்காரரும் அதையேதான் கேட்டிருப்பர்.